முகத்தை விடுங்க, பந்தயத்தைப் பாருங்க: போக்கரில் எதிராளியைப் படிப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டியில் சூலூர்பேட்டை ரயிலைப் பிடித்தால் எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்து தடா. ஆரம்பாக்கம் வரை தமிழ்நாடு. தடாவில் இறங்கினால் ஆந்திரா. சிப்காட் பக்கம் அறை எடுத்துத் தங்கி ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இந்த எல்லை கண்ணிலேயே படாது. ஆனால் 2022-ல் போனில் ரம்மி, போக்கர் ஆப் வைத்திருந்தவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரியும்.

காரணம் இதுதான். ஆந்திர அரசு 2020 செப்டம்பரிலேயே காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி, போக்கர் இரண்டையும் தடை செய்துவிட்டது. தமிழ்நாடும் அதே ஆண்டு நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுவே பிறகு சட்டமும் ஆனது. ஆனால் 2021 ஆகஸ்ட் 3-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆக, அதே போன், அதே ஆப், அதே ஆள். ஆரம்பாக்கத்தில் ‘திறமை விளையாட்டு’, தடாவில் ‘சூதாட்டம்’.

சட்டங்கள் இப்படி முன்னும் பின்னும் போய்வந்ததற்குப் பின்னால் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. சீட்டு விழுவது அதிர்ஷ்டம், சரி. அதற்குப் பிறகு ஆடுகிறவர் கையில் ஏதாவது இருக்கிறதா? போக்கரில் ‘இருக்கிறது’ என்று சொல்பவர்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதம், எதிராளியைப் படிக்கும் திறமை. அந்தத் திறமை என்ன, அதை எப்படிக் கற்பது, போனில் ஆடும்போது அது எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்போம். முதலில் ஆட்டம்.

ரம்மி தெரியுமா? அப்போ பாதி தெரியும், பாதியை மறக்கணும்

உலகம் முழுக்க அதிகம் ஆடப்படுவது டெக்ஸாஸ் ஹோல்டெம். ஒரு கட்டு, 52 சீட்டு, ஜோக்கர் கிடையாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். மேசை நடுவில் ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். முதலில் ஒரே சமயத்தில் மூன்று (ஃப்ளாப்), அடுத்து ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). உங்கள் இரண்டு, நடுவில் இருக்கும் ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தால் அதுதான் உங்கள் கை.

பந்தயம் நான்கு முறை நடக்கும். இரண்டு சீட்டு வந்ததும் ஒருமுறை, பிறகு ஃப்ளாப், டர்ன், ரிவர் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை. உங்கள் முறை வரும்போது யாரும் பந்தயம் கட்டாமல் இருந்தால் ‘செக்’ சொல்லி சும்மா தாண்டலாம், அல்லது நீங்களே கட்டலாம். யாராவது கட்டியிருந்தால் அதே அளவு போட்டுத் தொடரலாம் (கால்), ஏற்றலாம் (ரெய்ஸ்), சீட்டைக் கவிழ்த்து விலகலாம் (ஃபோல்ட்). நடுவில் சேரும் மொத்தம் ‘பாட்’. கடைசிவரை இருவராவது நின்றால் சீட்டைத் திறந்து காட்டி, பெரிய கை பாட்டை எடுக்கும். எல்லோரும் விலகி ஒருவர் மட்டும் மிஞ்சினால், அவர் கையில் என்ன இருந்தாலும் பாட் அவருக்குத்தான். காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. போக்கர் என்ற ஆட்டமே இந்தக் கடைசி விதியில்தான் நிற்கிறது.

ஆட்டம் சும்மா தொடங்கிவிடாமல் இருக்க, ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கொஞ்சம் போட வேண்டும். ‘ஸ்மால் பிளைண்ட்’, ‘பிக் பிளைண்ட்’. இந்தப் பொறுப்பு மேசையைச் சுற்றிவரும்.

கைகளின் வரிசை, சின்னதில் இருந்து பெரியது: ஒன்றும் சேராதது, ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஒரே எண், வரிசையாக ஐந்து (ஸ்ட்ரெய்ட்), ஒரே இனத்தில் ஐந்து (ஃப்ளஷ்), மூன்றும் ஜோடியும் சேர்ந்தது (ஃபுல் ஹவுஸ்), நான்கு ஒரே எண், ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து.

நம்ம ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் இது. ரம்மியில் 5 ஆர்ட்டின், 6 கிளாவர், 7 டைமன் சேர்த்தால் அது சீக்வென்ஸ் ஆகாது, இனம் ஒன்றாக இருக்க வேண்டும். போக்கரில் எந்த இனமானாலும் வரிசை வரிசைதான். மூணு சீட்டு ஆடிப் பழகியவர்களுக்கு வேறு குழப்பம். அங்கே சீக்வென்ஸ் பெரியது, கலர் சின்னது. போக்கரில் தலைகீழ், கலர்தான் பெரியது. யாரோ மனம்போன போக்கில் வைத்த விதி இல்லை இது. மூன்று சீட்டில் வரிசை அமைவது அபூர்வம், ஐந்து சீட்டில் ஒரே இனம் அமைவது அபூர்வம். எது அரிதோ அது பெரியது.

எவ்வளவு அரிது? 52 சீட்டில் இருந்து ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள். அதில் பாதிக்கு மேல் ஒன்றுமே சேராத கை. ஒரு ஜோடி சுமார் 42%. சினிமாவில் ஹீரோ கடைசி நொடியில் திறந்து காட்டுவாரே, ஏஸில் இருந்து 10 வரை ஒரே இனத்தில், அது 6,49,740-ல் ஒருமுறை.

ரம்மியில் இருந்து மறக்க வேண்டிய முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. அங்கே முதலிலேயே டிராப் செய்தால் 20 பாயின்ட் போகும். அதனால் ‘இருந்து பார்ப்போமே’ என்று கை சொல்லும். போக்கரில் நீங்கள் பிளைண்ட் போடாத சுற்றில் விலகினால் போவது பூஜ்யம். ஆறு பேர் மேசையில் புதிதாக உட்காருபவர் ஐந்து கைகளில் நான்கைக் கவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம். போரடிக்கும்தான். ஆனால் எதிராளியைப் படிப்பதற்கான நேரமே அந்த வேடிக்கை பார்க்கும் நேரம்தான்.

இரண்டால் பெருக்கத் தெரிந்தால் போதும்

கணக்கு என்றதும் பக்கத்தை மூட வேண்டாம், எட்டாம் வகுப்பு கணக்குதான்.

உங்கள் கையில் இரண்டு ஆர்ட்டின். நடுவில் நான்கு சீட்டு திறந்தாகிவிட்டது, அதில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒன்று வந்தால் ஃப்ளஷ். கட்டில் மிச்சம் 9 ஆர்ட்டின், நீங்கள் பார்க்காத சீட்டு 46. வாய்ப்பு 9/46, அதாவது 19.6%. இதை மேசையில் உட்கார்ந்து வகுக்க வேண்டாம். 9-ஐ 2-ஆல் பெருக்குங்கள், 18. கிட்டத்தட்ட சரி. இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டி இருந்தால் 4-ஆல் பெருக்குங்கள், 36. உண்மையான விடை 35%.

இப்போது பாட்டில் 100 காய்கள். எதிராளி 50 கட்டுகிறார். நீங்கள் 50 போட்டால் ஜெயிக்கும்போது 150 கிடைக்கும். நாலில் ஒருமுறை ஜெயித்தால்தான் கை கடிக்காது, அதாவது 25%. உங்கள் வாய்ப்பு 20% கூட இல்லை. கவிழ்த்துவிடுங்கள். அவர் 20 மட்டும் கட்டியிருந்தால்? 20 போட்டு 120 எடுக்கலாம், ஏழில் ஒருமுறை போதும். தாராளமாகத் தொடருங்கள். ‘எனக்கு ஃப்ளஷ் வரும்னு மனசு சொல்லுது’ என்பவருக்கும் இந்தக் கணக்கைப் போடுபவருக்கும் சீட்டு ஒரே மாதிரிதான் விழும். நூறு முறை ஆடிய பிறகு காய்கள் ஒரே மாதிரி இருக்காது.

ஏலச்சீட்டில் நீங்கள் ஏற்கெனவே செய்வதுதான்

இனி எதிராளி. கறுப்புக் கண்ணாடி, உணர்ச்சி காட்டாத முகம், கண்ணோரம் ஒரு துடிப்பு என்று சினிமா நமக்கு ஒரு படம் காட்டி வைத்திருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

திருவள்ளூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி என்று தொழிற்பேட்டை இருக்கும் இடங்களில் ‘சீட்டு’ என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஏலச்சீட்டு. அந்த ஏலத்தை நினைத்துப் பாருங்கள். யாருக்குப் பணம் அவசரமோ அவர்தான் அதிகம் தள்ளி எடுப்பார். எவ்வளவு தள்ளுகிறாரோ, மற்றவர்களுக்கு அவ்வளவு லாபம். அதனால் அவசரம் உள்ளவர் அவசரமே இல்லாதவர் மாதிரி டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அனுபவசாலி என்ன செய்வார்? அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். ஜூன் மாதம், பள்ளிக் கட்டணம் கட்டும் நேரம்; போன மாதம் இவர் கேட்கவே இல்லை; இந்த மாதம் ஒருவர் கேட்டதும் உடனே ஏற்றுகிறார். ‘சரி, இவருக்கு வேணும்’ என்று முடிவு செய்து, தனக்குத் தேவை இல்லாமலேயே இன்னும் ஒரு படி ஏற்றிவிடுவார். கணிப்பு தப்பினால் அந்தச் சீட்டு அவர் தலையிலேயே விழும்.

போக்கரில் எதிராளியைப் படிப்பது இதுவேதான். அவர் வழக்கமாக எப்படி, இன்று எப்படி? அவருடைய பந்தயம் சொல்லும் கதை ஆரம்பத்தில் இருந்து கடைசிவரை ஒட்டுகிறதா?

ஓர் உதாரணம். உங்கள் கையில் ராணி ஜோடி. ஒருமணி நேரமாக அநேகமாக எல்லாக் கையையும் கவிழ்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பெரிதாக ஏற்றுகிறார். இதற்கு முன் அவர் இப்படி ஏற்றியபோதெல்லாம் காட்டியது ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, அல்லது ஏஸும் கிங்கும். சரி, இந்த மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். புதியவர் இங்கே ‘ஏஸ் ஜோடிதான், முடிஞ்சுது’ என்று பயப்படுவார். எண்ணிப் பாருங்கள். நான்கு ஏஸில் இருந்து ஒரு ஜோடி அமைய 6 வழி. கிங் ஜோடிக்கும் 6. ஏஸும் கிங்கும் சேர 4 பெருக்கல் 4, அதாவது 16 வழி. மொத்தம் 28-ல் 16 முறை அவர் கையில் ஜோடியே கிடையாது! நடுவில் 9, 5, 2 என்று சின்னச் சீட்டுகள் விழுந்தால், அந்த நேரத்தில் பாதிக்கும் மேலான வாய்ப்பில் நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள்.

அடுத்து அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். மறுபடி பெரிதாகக் கட்டினால் ஜோடிகளின் பங்கு கூடுகிறது. ‘செக்’ என்றால் ஏஸ்-கிங்கின் பங்கு கூடுகிறது. ஒரே ஒரு சீட்டை ஊகித்து அதிலேயே நிற்பது படிப்பது ஆகாது. இருக்கக்கூடிய கைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதில் இருந்து சிலவற்றை அடித்துக்கொண்டே வருவதுதான் படிப்பது. இரண்டு சீட்டு அமையும் வழிகள் மொத்தம் 1,326. ஆட்டம் தொடங்கும்போது எல்லாமே பட்டியலில் இருக்கும். ரிவர் வரும்போது இருபதோ முப்பதோ மிஞ்சினால் நீங்கள் நன்றாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

படித்தது சரியாக இருந்தும் தோற்க முடியுமா? முடியும். அமெரிக்காவில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் 2003-ம் ஆண்டு முதன்மைப் போட்டி. கடைசியில் மிஞ்சியவர் இருவர். ஒருவர் சாமி ஃபார்ஹா, பழம் தின்று கொட்டை போட்டவர். இன்னொருவர் கிறிஸ் மனிமேக்கர், கணக்கர் வேலை பார்த்தவர், ஆன்லைனில் 86 டாலர் கட்டி ஆடி இந்தப் போட்டிக்கு இடம் பிடித்தவர். ஒரு கையில் மனிமேக்கரிடம் ஸ்பேடு கிங்கும் ஒரு 7-ம். ஃப்ளஷுக்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் காத்திருந்து இரண்டுமே வரவில்லை. ஒன்றுமில்லாத கையோடு மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். சுத்தமான உதார். ஃபார்ஹாவிடம் 9 ஜோடி, ஜெயிக்கும் கை. ‘ஃப்ளஷ் வராம போயிடுச்சு போல’ என்ற அர்த்தத்தில் அவரே வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, கையைக் கவிழ்த்தார். மனிமேக்கர் அந்தப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் எடுத்தார். அதன் பிறகுதான் ஆன்லைன் போக்கர் உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது.

அப்போ முகம், கை, உடல்மொழி எல்லாம் சும்மாவா? முழுக்க சும்மா இல்லை. 1984-ல் மைக் கேரோ என்பவர் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அதன் சாரம் நம் வடிவேலு காமெடி பார்த்தவர்களுக்குப் புதிதல்ல: பலவீனமானவர் பந்தா காட்டுவார், பலமானவர் பாவமாக உட்கார்ந்திருப்பார். காயை ஓங்கி வைத்து உங்களை முறைத்துப் பார்க்கிறவர் ‘போயிடு’ என்கிறார். பெருமூச்சுவிட்டு, வேண்டா வெறுப்பாகக் காயைத் தள்ளுகிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பந்தயம் வைக்கும்போது கை நடுங்கினால் பொய் சொல்கிறார் என்று நினைப்போம். பெரும்பாலும் பெரிய கை வந்த பரபரப்பில் நடுங்குவது அது.

2013-ல் மைக்கேல் ஸ்லெபியனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதைவிட சுவாரசியம். 2009 உலகப் போக்கர் தொடரின் வீடியோ துண்டுகளைக் கல்லூரி மாணவர்களிடம் காட்டி, ஆடுகிறவரின் கை எவ்வளவு நல்லது என்று கேட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் கணிப்பு, நாணயம் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிட மோசம். கைகள் காயைத் தள்ளும் விதத்தை மட்டும் பார்த்தவர்கள் அதைவிட நன்றாகக் கணித்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் முகத்தால் பொய் சொல்லப் பழகிவிட்டார், முழங்கையை மறந்துவிட்டார். ஆனாலும் உடல்மொழியை உப்பு மாதிரி வைத்துக்கொள்வது நல்லது. சாப்பாடு என்னவோ பந்தயக் கணக்குதான்.

உங்கள் நண்பர்கள் மேசையில் கவனிக்க வேண்டியது மிகச் சாதாரண விஷயங்கள். யார் எல்லாக் கையும் ஆடுகிறார், யார் பத்தில் ஒன்றுதான் ஆடுகிறார்? பெரிய கைக்குப் பெரிய பந்தயமும் சின்னக் கைக்குச் சின்னப் பந்தயமும் கட்டுகிறாரா? தோற்ற கைக்கு அடுத்த கையில் என்ன செய்கிறார்? கடைசியில் சீட்டைத் திறக்கும்போது பெரும்பாலானவர்கள் அடுத்த ஆட்டத்துக்குத் தாவிவிடுவார்கள். அதுதான் விடைத்தாள் தரப்படும் நேரம். ‘இந்தக் கையோடதான் ஃப்ளாப்புல சும்மா இருந்தாரா? டர்ன்ல ஏத்தினது இதுக்குத்தானா?’ என்று பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்.

கூடவே உங்களையும் பாருங்கள். பெரிய கை ஒன்றில் தோற்றதும் அடுத்த அரைமணி நேரம் கண்டதற்கும் காய் போடுவதற்கு ‘டில்ட்’ என்று பெயர். பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்தவருக்கு அது பெரிய கை தோற்காமலேயே வரும்.

போனில் எதைப் படிப்பீர்கள்?

போனில் தோள்கள் இல்லை, கைகள் இல்லை. மிஞ்சுவது பந்தயத்தின் அளவும், யோசிக்க எடுத்துக்கொண்ட நேரமும். படிக்கப் போதுமான விஷயம்தான், ஒரே ஆளோடு நூற்றுக்கணக்கான கைகள் ஆடினால். ஆனால் ஆப்பில் பத்து நிமிடத்தில் எதிராளி மாறிவிடுவார். அவர் ஓர் ஆள்தானா, இரண்டு கணக்கு வைத்திருக்கிறாரா, பக்கத்து அறையில் இருக்கும் நண்பரோடு சேர்ந்து ஆடுகிறாரா, ஆளே இல்லாத மென்பொருளா? 2019-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய ‘புளூரிபஸ்’, தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஐந்து பேரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து 10,000 கைகள் ஆடி ஜெயித்தது. அதற்கு ஆட்டம் கற்றுக்கொடுக்க ஆன கணினிச் செலவு 150 டாலருக்கும் குறைவு. அது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

இன்னொரு எதிராளி மேசையிலேயே தெரிய மாட்டார்: மேசையை நடத்துகிறவர். ஒவ்வொரு பாட்டில் இருந்தும் ஒரு பங்கு நிறுவனத்துக்குப் போகும். சும்மா ஒரு கணக்கு போடுவோம். ஆறு பேர், ஆளுக்கு 100, மொத்தம் 600. சராசரி பாட் 20, அதில் 5% கமிஷன் என்றால் கைக்கு 1. போனில் மணிக்கு 60 கை ஓடுகிறது என்றால் மணிக்கு 60 வெளியே போகிறது. பத்து மணி நேரத்தில் 600-ம் காலி. ஆறு பேரும் ஒரே திறமைசாலிகளாக இருந்தால், திறமைக்கு அங்கே வேலையே இல்லை. இது போதாதென்று 2023 அக்டோபர் 1 முதல், ஆட்டத்துக்குக் கட்டும் முழுத் தொகைக்கும் 28% ஜிஎஸ்டி வேறு வந்தது.

திறமை விளையாட்டு என்றால் சம்பாதிக்கலாம் என்று பலர் புரிந்துகொண்டது இங்கேதான் இடிக்கிறது. திறமை இருப்பது உண்மை. ஆனால் அது தெரியவர ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். சம்பளம் வந்த ஒரு ராத்திரியில் ஆடும் நூறு கைகளில் மேலே இருப்பது அதிர்ஷ்டம்தான். ஏஸ் ஜோடி, கிங் ஜோடியோடு மோதினாலே ஐந்தில் ஒருமுறைக்குக் கொஞ்சம் குறைவாகத் தோற்கும். முதல் நாள் ஜெயித்தவர் அதைத் தன் திறமை என்று நினைப்பார், தோற்றவர் துரதிர்ஷ்டம் என்று நினைத்து மறுபடி வருவார். திருக்குறளில் சூதுக்கென்று தனி அதிகாரம், 94-வது, இருக்கிறது. அதில் முதல் குறளே தோல்வியைப் பற்றியதல்ல, வெற்றியைப் பற்றியது. ஜெயிப்பதை வள்ளுவர் தூண்டிலோடு ஒப்பிடுகிறார்.

நீதிமன்றம் என்ன சொன்னது, இப்போது நிலைமை என்ன?

உச்ச நீதிமன்றம் 1968-லேயே ரம்மியில் திறமைதான் மேலோங்கி இருக்கிறது என்று சொல்லி, மூணு சீட்டை அதில் இருந்து பிரித்துக் காட்டியது. 1996-ல் குதிரைப் பந்தயமும் திறமை என்றது, அது நம் கிண்டி ரேஸ் கிளப் வழக்கு. போக்கரில்தான் உயர் நீதிமன்றங்களுக்குள்ளேயே பிளவு. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-ல் அதைச் சூதாட்டம் என்றது.

தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022 ஜூனில் குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டப்பேரவை 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் அதில் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டன. நேரில் ஆடுவதும் ஆன்லைனில் ஆடுவதும் ஒன்றல்ல என்பது அரசின் வாதம். அதை அரசு நிரூபிக்கவில்லை என்று சொல்லி, 2023 நவம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

அடுத்து 2025 பிப்ரவரியில் அரசு ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், 18 வயதுக்குக் கீழ் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடவே கூடாது. செகண்ட் ஷிஃப்ட் முடித்து அறைக்கு வந்து போனைக் கையில் எடுக்கும் நேரம் சரியாக அதுதான். விதி எழுதியவர்களுக்கு யார் எப்போது ஆடுகிறார்கள் என்பது தெரிந்திருக்கிறது. 2025 ஜூன் 3-ல் உயர் நீதிமன்றம் இந்த விதிகளை உறுதி செய்தது.

ஆனால் இரண்டரை மாதத்தில் எல்லாமே மாறியது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே அது ஓரம்கட்டிவிட்டது. காசு கட்டி, காசு எதிர்பார்த்து ஆன்லைனில் ஆடினால் எதுவானாலும் தடை. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவர்களுக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர்களுக்கும் தண்டனை உண்டு. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, அவரைப் பாதிக்கப்பட்டவராகவே சட்டம் பார்க்கிறது. போக்கர்பாஸி உட்பட பெரிய நிறுவனங்கள் காசு ஆட்டங்களை உடனே நிறுத்தின. சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது.

எனவே இன்று டெலிகிராமில் ‘போக்கர், உடனடி வித்டிராயல்’ என்று லிங்க் வந்தால், அதற்குப் பின்னால் இருப்பவர் சட்டத்துக்கு வெளியே இருப்பவர். பணம் போனால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. கடன், குற்றவுணர்ச்சி என்று மனம் கனத்தால் 104, அல்லது டெலிமானஸ் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அறையில் காசு வைத்து ஆட்டம் நடத்தி கமிஷன் எடுக்கலாம் என்று யாராவது யோசித்தால், அதற்கு 1930-ம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் இருக்கிறது. (எண் ஒன்றாக இருப்பது தற்செயல்.)

புளியங்கொட்டை போதும்

கற்றுக்கொள்ளக் காசு தேவையில்லை. ஆளுக்கு 100 புளியங்கொட்டை, பிளைண்ட் 1-ம் 2-ம், நாலைந்து நண்பர்கள், ஒரு கட்டு சீட்டு. ஆறு பேர் மேசையில் எல்லாக் கையையும் கவிழ்த்துக்கொண்டே இருந்தாலும் ஒரு சுற்றுக்கு 3 கொட்டைதான் போகும், முப்பது சுற்றுக்கு மேல் தாங்கும். ஒரே நிபந்தனை, முடிந்ததும் எண்ணி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதி வைக்காவிட்டால் கொட்டைக்கு மதிப்பு போய்விடும், ஆளாளுக்கு அள்ளிப் போடுவார்கள், படிக்க எதுவும் மிஞ்சாது.

நாலைந்து வாரம் ஆடிப் பழகிய பிறகு ஒரு பயிற்சி. நார்வேயைச் சேர்ந்த அனெட் ஓபர்ஸ்டாட் என்ற இளம் பெண் 2007-ல், 180 பேர் ஆடிய ஓர் ஆன்லைன் போட்டியில் தன் சீட்டு தெரியும் இடத்தைத் திரையில் மறைத்துக்கொண்டே ஆடி ஜெயித்தார். ஒரே ஒருமுறைதான் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். அதே ஆண்டு, 19 வயது ஆவதற்கு ஒருநாள் முன்பு, ஐரோப்பிய உலகத் தொடரின் முதன்மைப் போட்டியையும் வென்றார்.

நீங்களும் பத்துக் கை மட்டும் அப்படி ஆடிப் பாருங்கள். உங்கள் இரண்டு சீட்டைத் தொடவே கூடாது. அந்த விஷயம் மற்றவர்களுக்குத் தெரியவும் கூடாது. அவர்கள் கட்டுவது, தயங்குவது, கவிழ்ப்பது, இவற்றை மட்டும் வைத்து எப்போது ஏற்றுவது, எப்போது விலகுவது என்று முடிவு செய்யுங்கள். பத்து முடிந்ததும் நோட்டில் எழுதுங்கள், எத்தனை கொட்டை போச்சு என்று.